பத்தொன்பது பேரோடு நின்றுவிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் எங்கள் கடற்கரையில் தொழில் நடத்தும் ஒருவர் எழுதியிருந்தார். வேலைக்குப் பத்தொன்பது பேரோடு நின்றுகொண்டால் பிழைத்தோம், இருபதாவது ஆளைச் சேர்த்தால் பி.எப். என்கிற வருங்கால வைப்பு நிதி வந்து கழுத்தைப் பிடிக்கும், ஆகவே சிறுதொழில் செய்கிறவர்கள் எண்ணிக்கையில் கவனமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த எண்ணிக்கையை விட்டு வெளியே வந்தவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்டுபோனால் மன்னிக்கவும், வெட்டித்தான் போடுவீர்கள் என்றால், தயவுசெய்து எனக்கு நல்ல பெயர் தருகிற இடங்களை வெட்டுங்கள்.

மண்டபத்தில் நண்டு கம்பெனி வைத்திருக்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக்கூரைக் கொட்டகை ஒன்று, நண்டு அவிக்கும் அடுப்புகள், நீள ஸ்டீல் மேசைகள் நான்கு, ஐஸ் பெட்டிகள், ஒரு தராசு. நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலையில் கொண்டுவரும் நீலக்கால் நண்டை வாங்கி, அவித்து, ஆறவைத்து, ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்து, ஐஸில் வைத்து ஏற்றுமதி செய்கிற பெரிய கம்பெனிக்கு அனுப்புவது எங்கள் வேலை. உடைக்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். எடுத்த சதையின் எடைக்குக் கூலி. உடம்புச் சதை உடையாமல் முழுதாக வந்தால் ஒரு விலை, உதிர்ந்து வந்தால் ஒரு விலை, கால் சதைக்கு இன்னொரு விலை.

இந்த மேசைக்கு முதலாளியாவதற்கு முன்னால் வேறொருவர் மேசையில் பதினொரு ஆண்டுகள் நண்டு உடைத்தவள் நான். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் புண்ணாகும். அதில் நண்டு முள் குத்தினால் இரவு முழுதும் விண்விண்ணென்று தெறிக்கும். பதினொரு ஆண்டு முடிந்து விலகிய நாளில், கடைசி வாரக் கூலியைக் கணக்குப்பிள்ளை எண்ணிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்போது அதைக் குறையாகவும் நினைக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

2014-இல் கொட்டகை போட்டபோது பதினான்கு பெண்கள். பிறகு பதினாறு, பதினேழு. மற்ற மாதங்களில் இந்தக் கணக்கு நிற்கும். தடைக்காலம் வந்தால்தான் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். விசைப்படகு கட்டிவிட்டால் மீன்பிடித் தொழிலே படுத்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. நண்டு வந்துகொண்டுதான் இருக்கும். விசைப்படகு மீனைத் தரம் பிரித்தும் இறால் தலை கிள்ளியும் பிழைத்த பெண்களுக்கு அந்த இரண்டு மாதமும் வேலை இருக்காது. அவர்கள் என் கொட்டகை வாசலில் வந்து நிற்பார்கள். எனவே ஊருக்கு வேலை குறைகிற மாதத்தில்தான் எனக்கு ஆள் கூடும். பதினேழு இருபத்திரண்டாகும்.

அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கும். வழக்கமாக இருபது பேர் வேலை செய்கிற இடத்துக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயம். கிலோவுக்குக் கூலி வாங்குகிறவரும் தொழிலாளிதான். மாதச் சம்பளம் இல்லை என்று கைகழுவ முடியாது. ஒருமுறை உள்ளே போய்விட்டால், பிறகு ஆள் குறைந்து ஒன்பது பேர் ஆனாலும் வெளியே வர வழியில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. பெயர் மாறினாலும் இருபது இருபதாகவே இருக்கிறது.

இதைத் தாண்டாமலிருக்க எங்கள் பக்கத்தில் என்னென்ன செய்கிறோம் என்பது ஊரறிந்த கதை. அண்ணன் பெயரில் பதினான்கு பேர், தம்பி பெயரில் பதினான்கு பேர்; கொட்டகை ஒன்று, அடுப்பு ஒன்று, தராசு ஒன்று, நடுவில் ஒரு பச்சைத் தார்ப்பாய் மட்டும் தொங்கும். கிளை எத்தனை இருந்தாலும் பிரிவு எத்தனை இருந்தாலும் நிறுவனம் ஒன்றுதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதிகாரி வந்தால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? என்னிடம் தார்ப்பாய்கூட இல்லை. வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது பெயரை எழுதிவிட்டு மற்றவர்களைத் தனி நோட்டில் எழுதினேன்; பயம் வந்த நாளில் திருப்பி அனுப்பினேன். இயல்பாக வேலைக்கு வைத்திருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும், திடீர் அவசரத்துக்கு வந்துபோகிறவர்களை எண்ண வேண்டியதில்லை என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக ஆடிட்டர் சார் ஆறுதல் சொன்னார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15-க்கு வந்து நிற்கிற கூட்டத்தைத் திடீர்க் கூட்டம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

2019 தடைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை. மேசையில் பத்தொன்பது பேர் உட்கார்ந்தாகிவிட்டது. வேதாளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மாள், கத்தியையும் முந்தானைத் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அன்று நண்டு ஏராளம். அவித்துக் கொட்டியது குவியலாகக் கிடக்கிறது. "இன்று வேண்டாம் அக்கா, ஆள் போதும்" என்றேன். அவர் நண்டுக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்தார். பஸ் செலவு அவருக்கு நட்டம். பதினொரு ஆண்டு மேசையில் உட்கார்ந்திருந்தவள் வாசலில் நின்று ஆளைத் திருப்பி அனுப்புகிறேன், நண்டு அழுகிக்கொண்டிருக்கிறது. எதற்காக? ஓர் எண்ணுக்காக. அந்த மாதமே ஆடிட்டரிடம் போய், பதிவு செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தால் மட்டும் என்று பூசி மெழுக விரும்பவில்லை. தனி நோட்டு என்றைக்காவது யார் கையிலாவது சிக்கும் என்ற பயமும் பாதி.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நாளுக்குச் சராசரி 450 ரூபாய், மாதம் இருபது நாள் வேலை என்றால் ஒரு பெண்ணுக்கு 9,000 ரூபாய். அவர் பங்கு 12 விழுக்காடு, 1,080. பி.எப். பிடித்தம் போக 7,920. என் பங்கும் 12 விழுக்காடு, இன்னொரு 1,080. இதில் 750 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும் 330 ரூபாய் அவருடைய வைப்பு நிதிக்கும் போகும். இதற்குமேல் காப்பீட்டுக்கு அரை விழுக்காடு, நிர்வாகக் கட்டணம் அரை விழுக்காடு, இரண்டும் என் பொறுப்பு. கூட்டிப் பார்த்தால் சரியாகக் கூலியில் கால் பங்கு. இருபத்திரண்டு பெண்கள் உள்ள மாதத்தில் கூலி 1,98,000 ரூபாய். வைப்பு நிதிக்கு நான் கட்டுகிற செலான் 49,500 ரூபாய். அதில் 23,760 ரூபாய் பெண்களின் பணம், மீதி என்னுடையது.

என் பங்கு சுமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது விலையில் ஏறிவிடுகிற சுமை. நண்டுக்கு விலை பேசும்போது ஐஸ், விறகு, வண்டி வாடகை சேர்த்துப் பேசுகிறோம் இல்லையா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ள இரண்டு ஆண்டில் பழகிவிட்டேன். பத்தொன்பதில் நிற்கும் நண்பர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா வந்து எல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது, நூறு பேர் வரை வேலை செய்கிற, அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்குகிற இடங்களுக்கு, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் மத்திய அரசே கட்டியது. என் மேசையில் மிஞ்சியிருந்த ஒன்பது பெண்களுக்கும் அது கிடைத்தது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை; அவர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பெண்கள் இதை வரவேற்றார்களா என்றால், இல்லை. முதல் மாதம் கூலி கொடுத்த அன்று கொட்டகையில் சண்டை. "எங்கள் காசைப் பிடித்து டெல்லிக்கு எதற்கு அனுப்புகிறாய்? குழுக் கடன் கட்ட வெள்ளிக்கிழமை ஆள் வந்து நிற்கிறதே, அவனிடம் பி.எப். இருக்கிறது என்று சொன்னால் போவானா?" என்று ஒரு மதினி கேட்டார். பதில் இல்லை. பத்து ஆண்டு கட்டினால் 58 வயதில் ஓய்வூதியம் என்று விளக்கினேன். எவ்வளவு என்றார்கள். 9,000 ரூபாயைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும்; 1,285 ரூபாய் சொச்சம். சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. அதை உயர்த்தக் கேட்டு எழுதுகிறவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலையில் இருக்கும்போது உயிர் போனால், ஒரே ஒரு மாதம் கட்டியிருந்தாலும் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு, காப்பீடு அதிகபட்சம் ஏழு லட்சம் வரை உண்டு என்று சொன்னபோது சத்தம் அடங்கியது. கடற்கரையில் இந்தப் பேச்சை விளக்க வேண்டியதில்லை.

பதிவு செய்த கதை தனி. என்னிடம் இருந்த பெண்களில் ஆறு பேர் ஆதார்படி ஜனவரி 1-இல் பிறந்தவர்கள். ஆறு பேரையும் ஒரே நாளில் பெற்றுப்போட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது! ஒருவருக்கு ஆதாரில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து. இன்னொருவருக்குப் பெயரின் நடுவில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல். அந்த ஓர் எழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தோம். ஓ.டி.பி. வர வேண்டும் என்று உட்கார்ந்திருப்போம். அந்த எண் உள்ள கைபேசி மகனோடு வடகடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும். கரைக்கு வந்து அவன் பார்க்கும்போது பத்து நிமிடக் கெடு முடிந்து அரை நாள் ஆகியிருக்கும். இப்போது புதிதாகச் சேர்கிறவர்கள் கைபேசி முன் முகத்தைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். நண்டு அவிக்கிற கொட்டகையில் ஆவியைத் துடைத்துத் துடைத்து முகம் காட்டுகிறோம்.

இதெல்லாம் எரிச்சல். ஆளைச் சாய்ப்பது தேதி. இந்த மாதக் கூலிக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். எங்கள் தொழிலில் பணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். படகுக்காரருக்குக் கரையிலேயே காசு. அன்றே கொடுக்காவிட்டால் மறுநாள் நண்டு வேறு கொட்டகைக்குப் போகும். பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி. ஐஸ்காரர் ஒரு வாரம் பொறுப்பார். பெரிய கம்பெனியிலிருந்து எனக்கு வர வேண்டியது மட்டும் அறுபது நாள், எழுபது நாள். வெளிநாட்டில் விலை இறங்கிவிட்டது என்பார்கள், கப்பல் தாமதம் என்பார்கள். வாடைக்காற்று எழுந்து பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் வடகடல் படகுகள் கரையில் கிடக்கும். அந்த வாரம் வரவே கிடையாது. கூண்டு ஏற்றியிருக்கிறதே என்று 15-ஆம் தேதி தள்ளிப்போகாது.

2023 ஜூலையில் நான் செய்த காரியத்தை எழுதுகிறேன். ஜூன் மாதக் கூலிக்கான செலான் மேலே சொன்ன அதே 49,500. பெண்களிடம் பிடித்த 23,760 ரூபாய் வங்கிக் கணக்கில் இருந்தது. பெரிய கம்பெனிப் பணம் வரவில்லை. படகுக்காரர்கள் நான்கு பேர் விடியற்காலையில் வந்து நின்றார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வந்துவிடும், போட்டுவிடலாம் என்ற நினைப்புதான். அடுத்த வாரம் ஐந்து வாரமாயிற்று. ஆகஸ்ட் 25-இல் கட்டினேன், 41 நாள் தாமதம்.

இடையில் ஒரு நாள், என்னோடு முதல் நாளிலிருந்து இருக்கும் ராத்தா (அக்கா) ஒருவர், வேலை முடிந்து எல்லாரும் போனபின் கைபேசியோடு வந்தார். மகளுக்குத் திருமணப் பேச்சு, வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்கலாமா என்று கல்லூரியில் படிக்கும் பேத்தியை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். திரையை என்னிடம் காட்டினார். மே மாதம் வரை வரிசையாக இருக்கிறது. ஜூன் இல்லை. இன்னொரு கையில் நான் கொடுத்த கூலிச் சீட்டு. அதில் ஜூன் பிடித்தம் 1,080 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. "இதில் பிடித்திருக்கிறாயே, அதில் காணோமே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எங்கேயோ தவறி விழுந்திருக்கும், எடுத்துக் கொடு என்பதுபோலக் கேட்டார். படகுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. சர்வர் தாமதம் என்று சொன்னேன். ஆசிரியர் அவர்களே, அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த பி.எப். தளம்தான், அதை ராத்தாவிடமே பயன்படுத்தினேன்.

தாமத வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு வீதம் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் ஆனது. தாமதத்துக்கான இழப்பீட்டுத் தொகை அதற்குமேல் தனி. அதோடு போகவில்லை. கூலியில் பிடித்த பணத்தை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால், பிறகு கட்டினாலும் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் ஆடிட்டர் அந்த 23,760 ரூபாயை என் வருமானத்தோடு கூட்டிக் காட்டினார். என் பங்கு 25,740-ஐயும் நான் அதே 41 நாள் தாமதத்தில்தான் கட்டினேன். கணக்குத் தாக்கல் செய்வதற்குள் கட்டிவிட்டேன் என்பதால் அது செலவாக ஏறியது. எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரே செலான், ஒரே தேதி, இரண்டு நியாயமா என்று கேட்டேன். ஆடிட்டர் சார் சொன்னார்: "உங்கள் பங்கு உங்கள் கடன் அம்மா. அவர்கள் பங்கு, அவர்கள் பணம் உங்களிடம் இருப்பது. பிடித்த அந்த நிமிடத்தில் அது உங்கள் வருமானமாகக் கணக்காகிறது. நாளுக்குள் ஒப்படைத்தால் கழிகிறது." பிடித்துவிட்டுக் கட்டாமலேயே இருந்தால் நம்பிக்கை மோசடி என்று குற்ற வழக்கும் போடலாம் என்றார். நான் இத்தனை நாளும் அதை வரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரசுக்குக் கட்டுவதைத் தள்ளிப்போட்டேன் என்றுதான் மனத்தைச் சமாதானப்படுத்தியிருந்தேன். ராத்தாவிடம் கேட்காமல் கைமாற்று வாங்கியிருக்கிறேன்.

2025 நவம்பரில், விட்டுப்போனவர்களைச் சேர்க்கச் சொல்லி வைப்பு நிதி நிறுவனம் ஒரு திட்டம் அறிவித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2017 ஜூலையிலிருந்து சேர்க்காமல் விட்டவர்களை முதலாளி தானாக முன்வந்து சேர்த்தால், கூலியில் பிடித்தம் செய்யாத தொழிலாளி பங்கைக் கேட்பதில்லை, அபராதம் வெறும் 100 ரூபாய் என்றது. பிடிக்காமல் விட்டவருக்கு அந்தச் சலுகை. பிடித்துக் கையில் வைத்துக்கொண்டவருக்கு அது இல்லை. தார்ப்பாய்க்காரரைவிட அந்த ஜூலையில் நான் மோசம் என்று அரசே தரம் பிரித்துவிட்டது.

அந்த 41 நாள் தாமதத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை மாலை கூலி எண்ணும்போதே, பிடித்த பணத்தையும் அதற்கு நிகரான என் பங்கையும் வேறொரு வங்கியில் உள்ள தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் கொட்டகையைப் பூட்டுகிறேன். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்கவில்லை, காசோலைப் புத்தகத்தை ஆடிட்டரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இருந்தால் எடுப்பேன், என்னை எனக்குத் தெரியும். வாரா வாரம் பன்னிரண்டாயிரம் போகும்போது வலிப்பதில்லை; 15-ஆம் தேதி மொத்தமாக ஐம்பதாயிரம் என்றால்தான் உயிர் போகிறது. இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. மற்ற தேதிகளும் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. 20-ஆம் தேதி, ஒன்றும் விற்கவில்லை என்று சொல்வதற்குத் தாமதித்தாலும் நாளுக்கு 20 ரூபாய். பேரூராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு; அது தொழிலாளிக்கு முக்கால் விழுக்காடும் முதலாளிக்கு மூன்றே கால் விழுக்காடும். அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கடிதம் எழுதிய அன்பருக்கு நான் சொல்வது இதுதான். இருபதை ஐம்பதாக்குங்கள் என்று நாம் கேட்டால் நம் பெண்களைக் காகிதத்தில் சேர்க்காதீர்கள் என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய இடம் வேறு. சிறுதொழில் செய்கிறவரிடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. உரிய நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டலாம் என்று வருமான வரியிலும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் சிறுதொழில் செய்கிறவள் என்பதற்கான உத்யம் பதிவுச் சான்று என் கொட்டகைச் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. புகார் கொடுக்கலாம், இணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்தால் மறுநாள் என் சரக்கு வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். இந்தக் கரையில் வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தனியாக ஒருவர் புகார் கொடுப்பது தற்கொலை. மண்டபம், தேவிபட்டினம், தொண்டி வரை நண்டு கம்பெனி வைத்திருக்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, 45-ஆம் நாள் பணம் என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எல்லாருடைய வண்டியையும் நிறுத்த முடியாது. நண்டு விலையைக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றி அடுத்த கொட்டகைப் படகுக்காரரை இழுப்பதில் காட்டுகிற சாமர்த்தியத்தில் கொஞ்சத்தை இதில் காட்டலாம்.

வைப்பு நிதி அலுவலகத்துக்கும் ஒரு விண்ணப்பம். மாதந்தோறும் 27-ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர் முகாம் நடத்துகிறீர்கள். பெயர் 'நிதி ஆப்கே நிகட்'; வைப்பு நிதி உங்கள் அருகில் என்பதற்கு இந்தி. என் மேசையில் இருக்கும் யாருக்கும் இந்தப் பெயரைக் கேட்டால் அது பெண்பிள்ளை பெயரா, ஊர்ப் பெயரா என்று தெரியாது. முகாம் நடப்பதே எனக்கு இரண்டு ஆண்டு தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த முகாமைக் கடற்கரைக்குக் கொண்டுவாருங்கள். பெயர்த் திருத்தம், பிறந்த தேதித் திருத்தம் எல்லாம் உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள். இங்கிருந்து ராமநாதபுரம் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. தடைக்காலத்தில் வைத்தால் கைபேசிகள் கரையில் இருக்கும். கைபேசிக்கு வருகிற செய்தியைத் தமிழில் அனுப்புங்கள்; பேத்திகள் இல்லாத ராத்தாக்களும் இருக்கிறார்கள்.

வேதாளையிலிருந்து வந்து திரும்பிப் போன அம்மாளைக் கேட்பீர்கள். அடுத்த வாரமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்தார், மூன்றாவது மேசையில் ஜன்னல் பக்கம் உட்காருகிறார். உடம்புச் சதையை முழுதாக எடுப்பதில் அவருக்கு இணை இல்லை. ஆதாரில் அவரும் ஜனவரி 1. நிஜ வயது அதைவிட மூன்று கூட என்று அவரே சொல்கிறார். அதைத் திருத்தினால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டு நிறைவதற்குள் 58 வந்துவிடும், ஆகவே வாயைத் திறக்காதே என்கிறார். இதையும் அச்சில் போடுவீர்களானால் அவர் என்னைச் சும்மா விட மாட்டார்.

இந்தக் கடிதம் 27-ஆம் தேதிக்கு முன் வெளிவந்தால் உதவியாக இருக்கும். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் மூன்று பேர், அவர்களில் தார்ப்பாய்க்காரர் ஒருவர், பெண்களை அழைத்துக்கொண்டு முகாமுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் வேன் பேச முடியும்.

இப்படிக்கு,
நண்டு கம்பெனி நடத்தும் ஒரு வாசகி,
மண்டபம்.

(பெயரையும் முகவரியையும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)